அம்மாவின் பொருத்தனையும் நாலாம் வருஷத்துக் கனியும்

எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகியும் பிள்ளை இல்லை. ஆண்டவர் ஒரு பேரப்பிள்ளையைத் தந்தால், இயேசு சிலுவைக்கு முந்தின ராத்திரி ஜெபித்த எருசலேமின் கெத்செமனே தோட்டத்துக்கே வந்து முழங்கால் போடுகிறேன் என்று அம்மா பொருத்தனை பண்ணினார்கள். பேரனைக் கையில் வாங்கினார்கள். பயணத்துக்குத்தான் ஆயுசு இல்லாமல் போயிற்று. அவர்களுக்காக 2020 பிப்ரவரி 10 அன்று நான் எருசலேமில் இருந்தேன்.

அன்று காலை பஸ்ஸில், யூதரான எங்கள் வழிகாட்டி ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்தார். காய்ந்த அத்தி, பேரீச்சை, அப்புறம் கரோப் என்று ஒரு காய். கறுத்த புளியங்காய் மாதிரி இருந்தது. கடித்தால் கருப்பட்டி வாசம். இன்று யூத நாட்காட்டியில் சேபாத் மாதம் 15, மரங்களுக்குப் புத்தாண்டு, து பிஷ்வாத் என்கிற பண்டிகை என்றார். குளிர்கால மழை பெரும்பாலும் பெய்து முடிந்திருக்கும். வெளியே மரம் மொட்டையாகத் தெரிந்தாலும் உள்ளே உயிர்ச்சாறு ஏறத் தொடங்கும் காலமாம். மரத்தின் வயதையும் இந்த நாளை வைத்துத்தான் கணக்கிடுவார்களாம். முதல் மூன்று வருஷக் கனியைத் தின்னக் கூடாது, நாலாம் வருஷத்துக் கனி கர்த்தருக்குப் பரிசுத்தம் என்று பைபிளில் லேவியராகமம் 19-இல் எத்தனை தடவை வாசித்திருப்பேன்! அன்றைக்குத்தான் நெஞ்சில் தைத்தது. என் மகனுக்கு அப்போது மூன்று முடிந்து நாலு நடந்துகொண்டிருந்தது.

தோட்டத்து வாசலில் ஒரே தள்ளுமுள்ளு. 'ஒன் டாலர், ஒன் டாலர்' என்று ஒலிவக் கிளையையும் மரச் சிலுவையையும் முகத்துக்கு நேரே நீட்டுகிறார்கள். வேண்டாம் என்றாலும் விடுவதில்லை. ஜெபிக்க வந்த இடத்தில் இப்படி நெருக்குவது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. எங்கள் குழுத் தலைவரோ கால் மணி நேரம்தான் என்று சொல்லிவிட்டார்.

உள்ளே எட்டு ஒலிவ மரங்கள். கம்பிவேலி இருப்பதால் தொட முடியாது. அடிமரம் முறுக்கிப் பிளந்து, நடுவில் ஓர் ஆள் ஒளிந்துகொள்ளலாம் போல் பொந்து. அந்தப் பொந்தின் விளிம்பில் விரல் தடிமனில் ஒரு தளிர்க்கிளை; காற்றில் இலை புரளும்போது அடிப்பக்கம் வெள்ளி மாதிரி மின்னியது. சில மரங்களின் தண்டுக்கே 900 வயதுக்கு அருகில் என்றும், எட்டும் ஒரே தாய்மரத்துப் பிள்ளைகள் என்றும் 2012-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் கண்டறிந்ததை வழிகாட்டி சொன்னார்.

தாய்மரம் என்றதும் எனக்குத் தாங்கவில்லை. அந்த ஆறு வருஷமும் எங்களைப் பட்ட மரமாகவே நினைத்திருந்தோம். அம்மா ராத்திரி ராத்திரியாக அழுது ஜெபித்ததெல்லாம் எங்கள் வேருக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது ஆண்டவரே! ஈரத் தரையில் அப்படியே முழங்கால் போட்டேன். பின்னால் வந்தவர்கள் முதுகில் இடித்துக்கொண்டு போனார்கள். "அம்மா, வந்துட்டேம்மா" என்றேன். பிள்ளை உம்முடையவன், நாலாம் வருஷத்துக் கனி, எடுத்துக்கொள்ளும் என்றேன். அதற்கு மேல் ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்பதைத் தவிர வேறெதுவும் வாயில் வரவில்லை. குழுத் தலைவர் வந்து தோளைத் தொட்டுத்தான் எழுப்பினார்.

பொட்டலத்தில் இருந்த அத்திப்பழத்தை மட்டும் தின்னாமல் பைபிள் பையில் வைத்துக்கொண்டேன். ஊருக்கு வந்து, பாட்டி தந்தது என்று மகனிடம் கொடுத்தேன்.