குபானுக்கும் லாபாவுக்கும் இடையில்: ஜெனரல் ஸாஸின் போர்க்களத்தை அட்டையில் எழுப்பிய அனுபவம்

வடமேற்குக் காகசஸ் நிலத்தோற்ற மாதிரியில் என்னை நீண்ட நாள் அலைக்கழித்த லாபா ஆற்றுப் பகுதி, ஒருவழியாகச் சுருளாமல் பலகையோடு படிந்துவிட்டது. தமான் தீபகற்பத்திலிருந்து எல்பிரஸ் மலை வரையிலான நிலத்தை 1:5,00,000 அளவில் மூன்றடி நீளப் பலகையில் எழுப்பி, அதன்மேல் கிரிகோரி ஸாஸ் என்ற ரஷ்யப் பேரரசின் தளபதி 1833 முதல் 1842 வரை அந்நிலத்தின் பூர்வகுடிகளான சர்க்காசியர்மீது நடத்திய படையெடுப்புகளைக் குறிப்பதே என் நோக்கம். விண்வெளியிலிருந்து அளந்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவைக் கியூஜிஐஎஸ் என்ற நிலப்பட மென்பொருளில் ஏற்றிச் சமவுயரக் கோடுகளைப் பிரித்தெடுப்பது இத்துறையில் இருப்பவர்கள் அனைவருக்கும் பழகிய வேலை என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

சிக்கல் அடுக்குகளின் கனத்தில்தான் இருந்தது. மலைநாட்டு மாதிரிகளுக்கு 3 மி.மீ. ஃபோம் போர்டில் அடுக்குக்கு 300 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், உயரம் ஐந்து மடங்கு மிகைப்பட்டு, 5,642 மீட்டர் எல்பிரஸ் 56 மி.மீ. உயரத்தில் கம்பீரமாக நிற்கும், பார்ப்பவர்களும் பாராட்டுவார்கள். ஆனால் ஸாஸின் போர் பெரும்பாலும் எல்பிரஸின் உச்சியில் நடக்கவில்லை. குபான், உரூப், லாபா ஆறுகளுக்கு இடைப்பட்ட சமவெளியிலும் அடிவாரக் காடுகளிலும் நடந்தது. ஆர்மவீர், லாபின்ஸ்க் போன்ற இடங்களெல்லாம் 300 மீட்டருக்கும் கீழே ஒரே அடுக்கில் அமுங்கிவிட, மாதிரியில் அந்த நிலம் வெறும் தட்டையாகத் தெரிந்தது. அங்கேதான் பெஸ்லனே, தெமிர்கோய், மகோஷ் என்ற சர்க்காசியப் பிரிவினரின் ஊர்கள் இருந்தன. அவர்கள் வாழ்ந்த மண்ணை வெற்றிடமாகக் காட்டும் மாதிரியை முடித்து வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஆகவே 600 மீட்டருக்குக் கீழுள்ள பகுதியை மட்டும் 1 மி.மீ. பைண்டிங் அட்டைக்கு மாற்றி, அடுக்குக்கு 100 மீட்டர் என்று வெட்டினேன். மிகைப்பு விகிதம் மாறவில்லை, நுணுக்கம் மட்டும் கூடியது. குபானின் வலக்கரை திடீரென உயர்ந்து நிற்பதும், அந்த மேட்டில் புரோச்னி ஓகோப் கோட்டை ஏன் அமைந்தது என்பதும் இப்போதுதான் கண்ணுக்குப் புலப்படுகின்றன. அங்கிருந்து பார்த்தால் இடக்கரைச் சமவெளி முழுவதும் காலடியில் விரிகிறது. கனத்த படைவரிசைகளையும் மூட்டை வண்டிகளையும் நம்பாமல், இரவோடு இரவாக ஆற்றைக் கடந்து, விடியுமுன் ஊரை வளைத்து, எரித்து, கால்நடைகளை ஓட்டிக்கொண்டு திரும்பும் ஸாஸின் முறைக்கு இதைவிட வாய்ப்பான இடம் இல்லை.

ஆனால் மெல்லிய அட்டையில் வெள்ளைப் பசை பட்டவுடன் அது ஈரத்தைக் குடித்து விளிம்புகளைத் தூக்கிவிடுகிறது. ரப்பர் பசைக்குச் சுருளாது, ஆனால் அது கீழே உள்ள ஃபோம் போர்டின் விளிம்பை அரித்துவிடும். தீர்வு அட்டையின் இழை ஓடும் திசையில் கிடைத்தது. ஓர் அடுக்கின் இழை கிழக்கு மேற்காக ஓடினால், அடுத்த அடுக்கைத் தெற்கு வடக்காக வைத்து வெட்ட வேண்டும். பசையைத் தூரிகையால் பூசாமல் அட்டைத் துண்டால் வழித்து மெல்லிய படலமாகப் பரப்ப வேண்டும். பசை படாத மேற்பக்கத்தையும் ஈரத்துணியால் ஒரு முறை ஒற்றியெடுத்தால் இரு பக்கமும் ஒரே அளவில் விரியும். பிறகு செய்தித்தாள், ஒட்டுப்பலகை, அதன்மேல் கனம் என்று வைத்து மறுநாள் வரை தொடக்கூடாது.

இதிலும் ஓர் இடையூறு உண்டு. ஆறுகளுக்கு இடைப்பட்ட மேட்டு நிலங்கள் விரல்கள் போல நீண்டு ஒடுங்குகின்றன. இழை குறுக்கே ஓடும் அடுக்கில் அந்த விரல்கள் தூக்கும்போதே முறிந்தன. அவற்றுக்கிடையே அரை அங்குல அகலத்தில் இணைப்புப் பட்டைகளை விட்டு வெட்டி, ஒட்டிக் காய்ந்தபின் அந்தப் பட்டைகளை மட்டும் புதுக் கத்திமுனையால் கீறி எடுத்தேன். லாபா பள்ளத்தாக்கு கிழியாமல் வந்தது இந்த ஒரு உத்தியால்தான். அட்டையை எழுதுபொருள் கடைகளில் வாங்குவதைவிடப் புத்தகம் கட்டுபவர்களிடம் வாங்குவது மேல். இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை அவர்கள் மடக்கிப் பார்த்தே சொல்லிவிடுகிறார்கள், முழுத் தாளாகவும் தருகிறார்கள்.

இன்றைய தரவில் கிராஸ்னோதார் நீர்த்தேக்கம் ஒரு பெரிய தட்டைப் பரப்பாக வருகிறது. 1970களில் அடிகே (சர்க்காசியர் தம்மை அழைத்துக்கொள்ளும் பெயர்) ஊர்கள் பலவற்றை மூழ்கடித்து உருவானது அது. 1830களின் நிலத்தைக் காட்டும் மாதிரியில் அதற்கு இடமில்லை. ஆகவே அந்தப் பகுதியின் பழைய ஆற்றுப்போக்கை அணைக்கு முந்தைய நிலப்படங்களைப் பார்த்துக் கையால் வரைந்தேன்.

இனி பெயர் குறிக்கும் வேலை. கோட்டைகளுக்கு ஒரு நிறம், சர்க்காசிய ஊர்களுக்கு வேறொரு நிறம் என்று குண்டூசிகளைப் பிரித்திருக்கிறேன். புரோச்னி ஓகோப்பின் குறிப்பட்டையில் என்ன எழுதுவது என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. 1825 டிசம்பரில் ஜாருக்கு எதிராகக் கிளர்ந்த டிசம்பரிஸ்டுகளில் ஒருவரும், நாடுகடத்தப்பட்டுக் காகசஸில் படைவீரராகப் பணியாற்றியவருமான நிக்கொலாய் லோரர், அந்தக் கோட்டையருகே மேட்டில் சர்க்காசியரின் தலைகள் ஈட்டிகளில் செருகப்பட்டிருந்ததையும், ஸாஸ் தலைகளைப் பதப்படுத்திப் பெர்லினுக்கு அனுப்பியதையும் தன் நினைவுக் குறிப்புகளில் பதிவு செய்திருக்கிறார். எதிரிகள் எழுதிய பழி என்று இதைத் தள்ளிவிட முடியாது. எழுதியவர் ரஷ்யத் தரப்பில் நின்றவர். 1836இல் தெமிர்கோய் இளவரசர் ஜம்புலாத் போலோத்தோகோ பேச்சுவார்த்தைக்கு வரும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டதும் இக்கோட்டையை ஒட்டித்தான். அதன் பின்னால் ஸாஸ் இருந்தார் என்பது சர்க்காசியர் கூற்று. கருங்கடல் கரையோரத் தளபதி நிக்கொலாய் ராயெவ்ஸ்கி, காகசஸில் ரஷ்யர் செய்வதை ஸ்பானியர் அமெரிக்காவைக் கைப்பற்றியபோது நடந்த கொடுமைகளுக்கு ஒப்பிட்டு, 1841இல் பதவியை விட்டே விலகினார். அக்காலத்து நடைமுறை அப்படித்தான் என்று ஸாஸுக்காக வாதாடுபவர்கள் ராயெவ்ஸ்கியும் அதே காலத்தவர் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆர்மவீர் குறிப்பட்டைதான் கடினம். சர்க்காசியரிடையே பல தலைமுறைகள் வாழ்ந்து அவர்கள் மொழியையே பேசிவந்த ஆர்மீனியரை 1839இல் ஸாஸ் தன் பாதுகாப்பில் அங்கே குடியேற்றினார். ஆகவே அந்நகரத்தவருக்கு அவர் நிறுவனர், அவருக்கு அங்கே சிலையும் உண்டு. அதை எதிர்க்கும் சர்க்காசியருக்கு அவர் கொலையாளி. லாபாக் கரையில் ஸாஸோவ்ஸ்கயா என்ற ஊர் இன்றும் அவர் பெயரைத் தாங்குகிறது. அதே ஆற்றுப்படுகையில் உள்ள தெமிர்கோயெவ்ஸ்கயா, மகோஷெவ்ஸ்கயா என்ற கசாக்கு ஊர்களில் அங்கிருந்து அகற்றப்பட்ட மக்களின் பெயர்கள் எஞ்சியிருக்கின்றன. நகரம் எழுப்பியதும் ஊர்களை எரித்ததும் குபானிலிருந்து லாபாவுக்கு ரஷ்ய எல்லையை நகர்த்திய ஒரே திட்டத்தின் இரு பகுதிகள் என்பதே என் முடிவு. எனவே ஆர்மவீரின் குறிப்பட்டையில் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுதியிருக்கிறேன்.

சமவெளிக்கு வண்ணம் பூசும் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது, ஆனால் கை இப்போதே கடற்கரைப் பகுதியின் கோடுகளை வெட்டத் தொடங்கிவிட்டது. 1840இல் சர்க்காசியர் கைப்பற்றிய லாசரெவ், வெல்யாமினோவ், மிகயிலோவ்ஸ்கோயே கோட்டைகளையும், 1864 மே 21 அன்று ரஷ்யப் படைகள் வெற்றி அணிவகுப்பு நடத்திய க்பாதா (இன்றைய கிராஸ்னயா பொல்யானா) பள்ளத்தாக்கையும் சேர்க்க வேண்டும். 2020 ஜூலையில் ரஷ்ய வீரர்களுக்காக நினைவுச் சின்னம் நிறுவப்பட்டு, சர்க்காசியரின் எதிர்ப்பால் சில நாட்களில் அகற்றப்பட்ட அட்லரும் அதே கரையில்தான் இருக்கிறது. அந்தச் சரிவுகள் கடலிலிருந்து செங்குத்தாக எழுவதால், அங்கே 1 மி.மீ. அட்டை தேவைப்படாது, ஃபோம் போர்டின் விளிம்பை உப்புத்தாளால் சாய்த்துத் தேய்த்தாலே போதும் என்று நினைக்கிறேன்.