ஒரே சுற்று, இரண்டு திசை: மேடு பள்ளச் சாலைகளில் ரோடு பைக்

சமவெளியிலேயே ஓட்டிக்கொண்டிருந்த ரோடு பைக்கை, அதாவது தார்ச்சாலைக்கான மெல்லிய டயர் சைக்கிளை, கொஞ்ச காலமாக மேடும் பள்ளமுமான கிராமப்புறச் சாலைகளுக்குக் கொண்டு போகிறேன். பெரிய மலைத்தொடர் எல்லாம் இல்லை. ஒரு மேடு ஏறி, இறங்கி, ஓடையைத் தாண்டி, மறுபடி ஏறுகிற வகை. அகலம் குறைவு, கார் அதிகம் வராது, அவ்வப்போது ஒரு டிராக்டர் வரும். இதுவரை செய்து பார்த்ததில் எது வேலை செய்தது என்று எழுதி வைக்கிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதை போடும் செயலிகள் பெரிய எழுத்தில் காட்டும் 'மொத்த ஏற்றம்' என்கிற எண்ணை இப்போதெல்லாம் கடைசியாகத்தான் பார்க்கிறேன். எவ்வளவு ஏறுகிறோம் என்பதைவிட, அந்த ஏற்றம் எங்கே குவிந்திருக்கிறது, எந்தப் பக்கத்திலிருந்து அதற்குள் நுழைகிறோம் என்பதுதான் அன்றைக்குக் கால் தாங்குமா தாங்காதா என்று முடிவு செய்கிறது.

50 கிலோமீட்டரில் 600 மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். அது 5 சதவீதச் சாய்வில் (100 மீட்டர் போனால் 5 மீட்டர் உயர்வு) 12 கிலோமீட்டர் நீளும் ஒரே ஏற்றமாக இருக்கலாம். தலா 30 மீட்டர் உயரமுள்ள 20 மேடுகளாகவும் இருக்கலாம். எண் ஒன்றுதான், ஓட்டம் வேறு. நீளமான ஏற்றத்தில் ஒரு கியரைப் பிடித்து, மூச்சை ஒரு தாளத்துக்குக் கொண்டுவந்து உட்கார்ந்துவிடலாம். 10 சதவீதத்தில் 30 மீட்டர் உயரம் என்றால் சாலையில் அது வெறும் 300 மீட்டர் தூரம். உடம்பு பழகுவதற்குள் முடிந்துவிடும், உடனே இறக்கம், இறக்கத்தின் அடியில் பெரும்பாலும் ஒரு குறுகலான பாலமோ திருப்பமோ இருக்கும், அங்கே பிரேக் பிடித்தால் சேர்த்து வைத்த வேகமெல்லாம் போச்சு, அடுத்த மேட்டைப் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எனக்கு இரண்டாவதுதான் கஷ்டம்.

சராசரிச் சாய்வும் இதே மாதிரிதான் ஏமாற்றும். பிரான்சின் மோன் வான்டூ ஏற்றத்தை பெடுவான் ஊர்ப் பக்கத்திலிருந்து ஏறினால் சுமார் 21 கிலோமீட்டர், சராசரி ஏழரை சதவீதம் என்று எழுதியிருப்பார்கள். ஆனால் முதல் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் மெதுவான சாய்வு, அதற்குப் பிறகு காட்டுக்குள் விடாமல் 9 சதவீதம், அதற்கும் மேலே. நம் சின்ன மேடுகளிலும் இதுதான் கதை. சராசரி 5 சதவீதம் என்று போட்ட ஏற்றத்தின் நடுவில் அரை கிலோமீட்டர் சமதளம் இருந்தால், மீதி எங்கேயோ 10, 12 என்று ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் அந்த உயரத் தரவே எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டியிருந்தது. பாதை போடும் செயலிகளில் பல, 2000 பிப்ரவரியில் எண்டேவர் விண்ஓடம் ரேடார் மூலம் அளந்த உலக நில உயரத் தரவைப் பயன்படுத்துகின்றன. அதன் ஒரு கட்டம் 30 மீட்டர் அல்லது 90 மீட்டர் அகலம். மலைச்சரிவை வெட்டிப் போட்ட ஆறு மீட்டர் அகலச் சாலையை அந்தக் கட்டம் எப்படிப் பிடிக்கும்? சாலைக்கு மேலே உள்ள சரிவையும் கீழே உள்ள பள்ளத்தையும் கலந்து ஒரு உயரம் சொல்லும். அதனால் உண்மையில் சீராகப் போகிற சாலை வரைபடத்தில் ரம்பப் பல்லாக ஏறி இறங்கும், மொத்த ஏற்றமும் சும்மா கூடிக்கொண்டே போகும். உயரமான பாலம் வந்தால் பள்ளத்தாக்கின் அடிக்கு இறங்கி ஏறுவதாகவும், சுரங்கப்பாதை வந்தால் மலை உச்சிக்கு ஏறி இறங்குவதாகவும் காட்டும். இப்போது 20 சதவீதம் என்று ஏதாவது ஊசி மாதிரி நிற்பதைப் பார்த்தால், பயப்படுவதற்கு முன் அந்த இடத்தில் பாலம் இருக்கிறதா என்று பார்க்கிறேன். கைப்பிடியில் மாட்டும் சைக்கிள் கணினிகளில் காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்பவை நல்லவை, ஆனால் அவற்றுக்கும் ஒரு குணம் உண்டு. தாழ்வான இடங்களில் ஒரு ஹெக்டோபாஸ்கல் அழுத்தம் மாறினால் எட்டு மீட்டர் உயரம் மாறியதாக எடுத்துக்கொள்ளும். வானிலை மாறுகிற நாளில் கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்தாலும் முப்பது மீட்டர் மேலே நிற்பதாகச் சொல்லும்.

ஆகவே இப்போது வரைபடத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகளைத்தான் முதலில் பார்க்கிறேன். பள்ளிக்கூடப் புவியியலில் தூங்கிக் கழித்த பாடம், இப்போது தினமும் உதவுகிறது. சாலை கோடுகளுக்கு இணையாக ஓடினால் சுகம். குறுக்கே வெட்டிக்கொண்டு நேராக ஏறினால் செங்குத்து. கொண்டை ஊசி வளைவுகளைப் பார்த்துப் பலர் மிரள்வார்கள், எனக்கு அவற்றைக் கண்டால் நிம்மதி, ஏனென்றால் சாய்வைக் குறைக்கத்தான் சாலையை அப்படி வளைத்திருக்கிறார்கள். மேட்டை நேர்கோட்டில் ஏறும் பழைய வண்டிப்பாதைதான் காலை ஒடிக்கும். ஆற்றோரச் சாலை மெதுவாக ஏறும், மலைமுகட்டுச் சாலை ஒரு தடவை ஏறிவிட்டால் போதும் என்று தோன்றும், ஆனால் அங்கே காற்று நேராக முகத்தில் அடிக்கும்.

கியர் விஷயத்துக்கு வருகிறேன். முன்னால் 50, 34 பற்கள் கொண்ட இரண்டு பல்சக்கரங்கள் (50/34), பின்னால் 11 முதல் 28 பற்கள் வரையுள்ள பல்சக்கர அடுக்கு, அதாவது கேசட் (11-28) இருந்தது. பின்னால் 11-34 கேசட் போட்டேன். இதற்குச் செயினை நீளமாக்க வேண்டியிருந்தது, பின் கியர் மாற்றியும் அந்தப் பெரிய பல்சக்கரத்தைத் தாங்கும் நீளமான கை உள்ளதாக இருக்க வேண்டும். கணக்கு எளிது. 28 மில்லிமீட்டர் டயர் போட்ட சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.1 மீட்டர் போகும். 8 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் போனால், 34-க்கு 28 கியரில் (முன்னால் 34 பல், பின்னால் 28 பல்) நிமிடத்துக்கு 52 சுற்று மிதிக்க வேண்டும், 34-க்கு 34 கியரில் 63. இந்த 11 சுற்று வித்தியாசம் தாளில் ஒன்றுமில்லை போலத் தெரியும், முழங்காலுக்குத் தெரியும். அதே ஏற்றத்தில் ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்றால் புவியீர்ப்பை வெல்லவே சுமார் 140 வாட் வேண்டும், உருளும் உராய்வோடு 150. அதைவிட மெதுவாகப் போகலாமே என்றால், வேகம் இன்னும் குறைந்தால் சைக்கிள் நேராக நிற்கவே தடுமாறும். ஆக, செங்குத்தில் இஷ்டத்துக்கு மெதுவாகப் போகும் சலுகை கிடையாது, மிதிப்பதை லேசாக்கும் கியர் ஒன்றுதான் வழி.

சின்ன கியர் போடுவது வீரம் இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் 1910-லேயே டூர்மலே மலைக்கணவாய் ஏறிவிட்டது, ஆனால் செயினைத் தாவ வைக்கும் கியர் மாற்றியை அங்கே அனுமதித்தது 1937-ல்தான். அதுவரை இறங்கி, பின் சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டுத்தான் கியர் மாற்றினார்கள். அந்த வீரம் எனக்கு வேண்டாம்.

இப்போது தலைப்பில் சொன்ன விஷயம். நான் அடிக்கடி ஓட்டும் சுற்றில் ஒரு பக்கம் குறுகல், செங்குத்து, தார் பெயர்ந்த சாலை. மறுபக்கம் நீளமான, மெதுவான, நல்ல தார்ச்சாலை. செங்குத்துப் பக்கம் இறங்குவதுதான் சுலபம் என்று யாருக்கும் தோன்றும். இரண்டு திசையிலும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்ததில் எனக்கு அது நேர்மாறாகத்தான் இருக்கிறது. மோசமான சாலையில் மேலே ஏறும்போது வேகம் எட்டோ ஒன்பதோதான், குழியைப் பார்த்து ஒதுங்க நேரம் உண்டு. அதே சாலையில் இறங்கினால் முழு நேரமும் பிரேக்கில் கை. ஏறிச் சம்பாதித்த உயரம் அத்தனையும் சூடாகிக் காற்றோடு போகிறது. அது கொஞ்ச சூடும் இல்லை. 80 கிலோ 300 மீட்டர் இறங்கினால் விடுபடும் ஆற்றல் முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவான தண்ணீரைக் கொதிக்க வைக்கும். சக்கர விளிம்பையே (ரிம்) அழுத்திப் பிடிக்கும் ரிம் பிரேக் உள்ளவர்கள் விடாமல் லேசாகப் பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம் சூடாகி டியூப் வெடிக்கக்கூடும். நிமிர்ந்து உட்கார்ந்து காற்றை மார்பில் வாங்கி வேகத்தைக் குறைப்பது, திருப்பத்துக்கு முன்பே நன்றாக அழுத்திப் பிடித்து விடுவது, திருப்பத்துக்குள் வெளிப்பக்கப் பெடலைக் கீழே வைத்து அதன்மேல் எடையை ஊன்றுவது, இவ்வளவுதான் நான் பழகிக்கொண்டிருப்பது. வேகம் இரட்டிப்பானால் நிறுத்த வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு என்பது மனதில் இருந்தால் கை தானாகவே முன்கூட்டிப் பிடிக்கிறது. கிராமத்துச் சாலையில் திருப்பத்துக்கு அப்பால் மண், சாணி, சரளை, மாடு எது வேண்டுமானாலும் இருக்கலாம், கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகம்தான் என் உச்ச வேகம்.

செங்குத்தில் ஏறி நீளத்தில் இறங்கு என்பது எல்லாச் சுற்றுக்கும் பொருந்தாது. கிளம்பிய உடனே செங்குத்து வந்தால் சூடாகாத கால் தவிக்கும்; அதனால் சுற்றை மாற்றாமல் கிளம்பும் இடத்தை மட்டும் ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி வைக்கிறேன். இன்னொரு சின்ன விஷயம், இடதுபக்கம் ஓட்டும் நாடுகளில் சுற்றை இடஞ்சுழியாகப் போட்டால் பெரும்பாலான திருப்பங்கள் இடதாக அமையும், எதிர்வரும் வண்டிகளைக் குறுக்கே வெட்டித் திரும்ப வேண்டியது குறையும். வலதுபக்கம் ஓட்டும் நாடுகளில் வலஞ்சுழி.

நேரக் கணக்கையும் மாற்றியிருக்கிறேன். சராசரி வேகம் பார்ப்பதில்லை. ஏற்றங்களில் 100 மீட்டர் உயரத்துக்கு 10 நிமிடம் என்பது என் இப்போதைய அளவு, கடைசி மேட்டில் 12. சமதளத்தையும் இறக்கத்தையும் தனியாகக் கூட்டினால் கிட்டத்தட்ட சரியாக வருகிறது. சாப்பிடுவதை மேட்டுக்கு முன் உள்ள சமதளத்திலேயே முடித்துவிடுகிறேன், ஏறும்போது வாயில் எதையாவது வைத்துக்கொண்டு மூச்சு விட முடியாது.

அடுத்ததாகப் போட்டு வைத்திருக்கும் பாதையில் மூன்று நடுத்தர ஏற்றங்கள், மூன்றாவதுதான் பெரிது. இரண்டாவது இறக்கத்தின் அடியிலிருந்து ஆற்றோரமாகத் திரும்ப ஒரு குறுக்கு வழி இருக்கிறது. அந்த இடத்தில் கால் என்ன சொல்கிறதோ அதைக் கேட்டு, மூன்றாவது மேடா, ஆற்றோரமா என்று அங்கேயே முடிவு செய்துகொள்வேன்.