மாடி அறை ஹோம் தியேட்டர்: கரண்ட் வேலை இதுவரை

"இத்தனை சாமானையும் ஒரே இடத்துல மாட்டினா லோடு தாங்குமா?" அறைக்குள் வருகிற எல்லாரும் கேட்பது இதைத்தான். அதனால் முதலில் அதையே அளந்துவிடலாம் என்று, பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் மாட்டுகிற வாட் மீட்டர் ஒன்றை வாங்கினேன். 55 இஞ்ச் டிவி 110 வாட். ஸ்பீக்கர்களை ஓட்டுகிற ஏவி ரிசீவர், வீட்டில் சண்டை வராத அளவு சத்தத்தில், 75. அடித்தொனிக்கான ஸ்பீக்கரான சப்வூஃபர் 20. படம் ஓட்டுகிற கம்ப்யூட்டர் 90. கேம் ஓடும்போது பிளேஸ்டேஷன் 195. செட்டாப் பாக்ஸ், ரவுட்டர், ஹார்ட் டிஸ்க் மூன்றும் சேர்ந்தே 25ஐத் தாண்டவில்லை. ஆக எல்லாம் சேர்த்து 500 வாட்டுக்குக் கொஞ்சம் மேல். 230 வோல்ட்டில் அது இரண்டேகால் ஆம்பியர்தான். ஆயிரம் வாட் அயர்ன் பாக்ஸ் ஒன்று தனியாகவே இதைப் போல இரண்டு மடங்கு இழுக்கும். ஏசிக்கு ஏற்கெனவே தனி லைன் இருப்பதால் அது இந்தக் கணக்கில் இல்லை.

லோடு கவலை தீர்ந்தது. ஆனால் ஸ்பைக் பஸ்டரை (திடீர் வோல்டேஜ் ஏற்றத்தைத் தணிக்கிற எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்) சுவரிலிருந்து பிடுங்கியபோது, அதன் ஒரு பின் மட்டும் கறுத்திருந்தது. சாக்கெட்டின் அந்த ஓட்டையைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தது. உள்ளே பித்தளைப் பிடி தளர்ந்துபோய், பின்னை இறுக்கிப் பிடிக்கவில்லை. இப்படித் தளர்ந்த இடத்தில் சூடு ஏறும்போது எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானாக லைனை வெட்டுகிற சுவிட்ச்) விழாது. ஓடுகிற கரண்ட் அளவோடுதானே இருக்கிறது, அதற்கு எப்படித் தெரியும்? ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொன்றைச் செருகுவதில் எனக்குப் பயம் இதனால்தான். ஒவ்வொரு செருகலும் தளர இன்னோர் இடம்.

அடுத்தது எச்டிஎம்ஐ கேபிள். டிவியின் பின்னால் செருகப் போனால், முனை தொடுகிற நேரத்தில் 'டிக்' என்று ஊசிமுனை அளவு ஒரு பொறி. கம்ப்யூட்டர் கேபினட்டைப் புறங்கையால் தடவினால் சொரசொரவென்று ஒரு அதிர்வு. மல்டிமீட்டரை வைத்தேன். கரண்ட் வருகிற ஃபேஸுக்கும் அது திரும்புகிற நியூட்ரலுக்கும் நடுவில் 228 வோல்ட். ஃபேஸ்–எர்த்தும் (எர்த் என்பது கசிகிற கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகிற வயர்) ஏறக்குறைய அதே அளவு காட்ட வேண்டும், நியூட்ரல்–எர்த் ஓரிரு வோல்ட்டோடு நிற்க வேண்டும். இங்கே இரண்டுமே 112 பக்கம், பாதிப் பாதி. எர்த் எங்கேயும் போய்ச் சேரவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் பெட்டி உள்ளே ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் எர்த்துக்குச் சின்னக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். எர்த் இல்லாவிட்டால் கேபினட்டின் வோல்டேஜ் இரண்டுக்கும் நடுவில் தொங்கும். பாய்வது மிகச் சிறிய கரண்ட்தான், ஆனால் எச்டிஎம்ஐ போர்ட்டைச் சாகடிக்க அது போதும். ஸ்பைக் பஸ்டரும் எர்த் இல்லாத இடத்தில் பாதி வேலைதான் செய்யும்.

எலக்ட்ரீசியன் அண்ணன் மெயினை அணைத்துவிட்டுக் கீழே டிபி பாக்ஸை (எம்சிபிகள் இருக்கிற பெட்டி) திறந்தார். "சார், பச்சை வயர் இங்க வரைக்கும் வந்திருக்கு. டேப் சுத்தி மடக்கி வச்சிருக்காங்க, எர்த் பார்ல ஏத்தவே இல்ல." அதை ஏற்றியதோடு, இந்த அறைக்கென்று டிபியிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் தனி லைன், 10 ஆம்பியர் எம்சிபி. டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரே போர்டில் ஆறு சாக்கெட். அடாப்டர்கள் ஒன்றையொன்று இடிக்காதபடி இடைவெளி விட்டு. "16 எம்சிபி போட்டுடலாமே" என்றார். 6 ஆம்பியர் சாக்கெட்டுகளுக்கு முன்னால் அது வேண்டாம் என்றேன். கரண்ட் கசிந்தால் லைனை வெட்டுகிற 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி வீட்டுக்கே பொதுவாக இருக்கிறது. மறுபடி அளந்ததில் நியூட்ரல்–எர்த் ஒரு வோல்ட்டுக்கும் கீழே.

எர்த் சரியானதும் புதுத் தலைவலி: சப்வூஃபரில் 'உம்ம்' என்று ஒரு இரைச்சல். ஒவ்வொரு கேபிளாகக் கழற்றிக்கொண்டே வந்தேன். கேபிள் டிவி வயரைச் செட்டாப் பாக்ஸிலிருந்து உருவியதும் அடங்கியது. அந்த வயரின் ஷீல்டு வெளியே வேறொரு எர்த்தோடு சேர்ந்திருக்கிறது, எர்த்துக்கு இரண்டு வழி ஆகி, அந்தச் சுற்றில் ஓடுகிற கரண்ட்தான் இரைச்சலாகக் கேட்கிறது. பிளக்கின் எர்த் பின்னை வெட்டினால் சத்தம் நிற்கும் என்று சொல்பவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து காதில் வாங்காதீர்கள். கேபிள் வயரில், சிக்னலை விட்டு எர்த் இணைப்பை மட்டும் பிரிக்கிற ஐசொலேட்டர் ஒன்றை மாட்டினேன், இரைச்சல் போயே போச்சு. டிஷ் ஆன்டெனா வைத்திருப்பவர்களுக்கு இது ஒத்துவராது, டிஷ்ஷின் முனையில் இருக்கிற எல்என்பிக்கு வேண்டிய டிசி கரண்ட் அதே வயரில்தான் மேலே போகிறது.

பாக்கி இருப்பது நியூட்ரல் பயம். எங்கள் வீடு த்ரீ ஃபேஸ். எங்காவது நியூட்ரல் விட்டுப்போனால் சாக்கெட்டில் 230க்குப் பதில் 400 பக்கம்கூட வரலாம். எம்சிபியும் ஸ்பைக் பஸ்டரும் அதைத் தடுக்காது. 270க்கு மேல் போனால் லைனையே வெட்டிவிடுகிற வோல்டேஜ் ப்ரொடெக்டர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், டிபியில் இடம்தான் இல்லை. பெரிய பாக்ஸ் மாற்றும்போது இடி மின்னல் போன்றவற்றால் வருகிற திடீர் வோல்டேஜ் ஏற்றத்தைத் திருப்பிவிடுகிற சர்ஜ் ப்ரொடெக்டரையும் சேர்த்தே போட்டுவிடலாம் என்கிறார் அண்ணன். அதுவரைக்கும் இடி இடித்தால் பிளக்குகளோடு கேபிள் டிவி வயரையும் கழற்றிப் போட்டுவிடுகிறேன்.