அரை விநாடி தாமதம்

2006-ல் லினக்ஸ் என்ற இலவச கணினி இயங்குதளம் எனக்கு அஞ்சலில் வந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் குறுந்தகட்டைத் தபால் செலவுகூட வாங்காமல் அனுப்பிக்கொண்டிருந்த காலம். விடுதியில் அந்தக் காகித உறையைப் பிரித்தபோது பக்கத்து அறை நண்பன், "இதை வெச்சு என்னடா பண்ணுவ?" என்றான். முதல் நாள் ஒலி வரவில்லை, மோடம் இணையவில்லை. ராத்திரி முழுக்க உட்கார்ந்து சரிசெய்தேன். சரிசெய்த விதத்தை அடுத்தவனுக்கு ஆகுமே என்று எழுதியும் வைத்தேன். அப்போது லினக்ஸ் பயன்படுத்தியவர்களில் பலரும் கொஞ்சம் வேலையும் செய்தார்கள்.

இப்போது சர்வர் பராமரிப்புதான் எனக்குச் சோறு போடுகிறது. உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் 2017 நவம்பரிலிருந்து லினக்ஸில்தான் ஓடுகின்றன. ஆண்ட்ராய்டு போனுக்கு அடியிலும் லினக்ஸின் மையப்பகுதியான அதே கெர்னல்தான். அன்று கேட்ட நண்பனின் சட்டைப் பையில்கூட இன்று அது இருக்கிறது. எனக்கு அதில் பெருமைதான். ஆனால் பயன்படுத்தும் ஆட்கள் பெருகிய வேகத்தில் வேலை செய்யும் கைகள் பெருகவில்லை. கெர்னலுக்காவது பெரிய நிறுவனங்கள் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கின்றன. அதைச் சுற்றியிருக்கும் சின்னச் சின்ன மென்பொருள்களில் பலவற்றை வேலை முடிந்து வீட்டுக்கு வந்த யாரோ ஒருவர்தான் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு பார்த்துக்கொள்கிறார்.

2024 மார்ச் 29, புனித வெள்ளி. அலுவலகம் விடுமுறை. இரவு பத்தரைக்கு எங்கள் அணித் தம்பி போனில் கூப்பிட்டான். "அண்ணே, எக்ஸ்இசட் நியூஸ் பார்த்தீங்களா?"

கோப்புகளைச் சுருக்கும் சின்ன நிரல் அது. அதன் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ பின்கதவு வைத்துவிட்டார்கள். தூரத்திலிருந்து சர்வருக்குள் போகப் பயன்படும் எஸ்எஸ்ஹெச் வழியாக, திருட்டுத்தனமாக உள்ளே நுழையவே வழி. நாங்கள் இருவரும் ஆளுக்குப் பாதியாக ஒவ்வொரு சர்வரிலும் பதிப்பு எண்ணைப் பார்த்தோம். டெபியன் 12 என்ற நிலையான லினக்ஸ் வெளியீடு ஓடும் எல்லாவற்றிலும் பழைய 5.4.1. மூச்சு வந்தது. சோதனைக்காக நான் டெபியன் டெஸ்டிங் என்ற முன்னோட்டப் பதிப்பைப் போட்டிருந்த இயந்திரத்தில் மட்டும் 5.6.1. அந்த எண்ணைப் பார்த்ததும் கை சில்லிட்டது. அதை அப்போதே துண்டித்து, விடிவதற்குள் துடைத்து மறுபடி நிறுவினோம்.

கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர். எஸ்எஸ்ஹெச் நுழைவு ஏறக்குறைய அரை விநாடி தாமதமாவதை அவர் விடாமல் துருவியிருக்காவிட்டால், அந்தப் பதிப்பு நாங்கள் நம்பியிருக்கும் நிலையான வெளியீடுகளுக்கும் வந்து சேர்ந்திருக்கும்.

பின்கதவை வைத்தவன் உதவிக்கு வந்தவனாகத்தான் உள்ளே வந்தான். 2021-லிருந்து நல்ல திருத்தங்களாக அனுப்பி நம்பிக்கை சம்பாதித்தான். நிரலைத் தனியாளாகப் பார்த்துக்கொண்டிருந்தவரை வேறு சில பெயர்களில் வந்தவர்கள் "ஏன் இவ்வளவு தாமதம், வேறு ஆளிடம் கொடுங்கள்" என்று நச்சரித்தார்கள். இது சம்பளமில்லாத வேலை என்று அவர் சொல்லியும் விடவில்லை. கடைசியில் நிரலை வெளியிடும் சாவி அந்த உதவிக்கு வந்தவன் கைக்கு மாறியது. நாலு பேர் மட்டும் பயன்படுத்தும் நிரலுக்காக யார் இரண்டு வருடத்துக்கு மேல் காத்திருப்பார்கள்?

எனக்கு உறுத்தியது அந்த நச்சரிப்புதான். திங்கட்கிழமை என் பழைய மெயில்களைத் தேடினேன். 2021-ல், வேறொரு சின்ன நிரலைப் பார்த்துக்கொள்பவருக்கு நான் எழுதியது: "இந்தப் பிழை எப்போது சரியாகும்? எங்கள் வாடிக்கையாளர் காத்திருக்கிறார்." வணக்கம்கூட இல்லை. அவருக்கு நாங்கள் ஒரு பைசாகூடக் கொடுத்ததில்லை. அந்தப் பிழை எப்படி வருகிறது என்று சோதித்து எழுத எனக்கு அரை நாள் போதும், அதைக்கூடச் செய்யவில்லை.

அந்த வாரம் தம்பியையும் கூட உட்காரவைத்து அந்தச் சோதனையை எழுதி முடித்தோம். பிழை அப்போதும் அப்படியே இருந்தது. பழைய மெயிலுக்கு மன்னிப்பும் சேர்த்து அனுப்பினேன். இரண்டு நாளில் பதில் வந்தது: "சேர்த்துவிட்டேன். இன்னொன்றும் பாக்கி இருக்கிறது, பார்க்க முடியுமா?" தம்பி அதை எடுத்துக்கொண்டான்.