பொது ஃபோல்டர் குறிப்பேடு: கள ஆய்வுத் தரவு, லினக்ஸ் சர்வர்

ஜூன் 2, 2025, திங்கள்

கள ஆய்வுத் தரவுக்கான பொது ஃபோல்டர் இன்று தயார். உள்ளே நான்கே பிரிவு: மூலம், வேலை, முடிவு, அடையாளம். களத்திலிருந்து வந்த ஒலிப்பதிவும் படிவமும் வந்தது வந்தபடி மூலத்தில் இருக்கும். அடையாளத்தில் ஒரே ஓர் அட்டவணை: பங்கேற்பாளர் எண், எதிரே பெயர், ஊர், போன் நம்பர். இதை மற்ற மூன்றோடு ஒரே குரூப்பின் கீழ் வைக்கவே கூடாது. நம்பிப் பேசியவர்களின் பெயர் அதில் இருக்கிறது.

தனி ஆள் யாருக்கும் நேரடி அனுமதி கிடையாது. குரூப் இரண்டு: ‘களம்’ எல்லோருக்கும், ‘சாவி’ இரண்டே பேருக்கு. ஆள் வந்தால் குரூப்பில் சேர்த்தால் போதும், போனால் எடுத்தால் போதும்.

அனுமதி எண் 2770. கடைசி மூன்று இலக்கம் வரிசையாக உரிமையாளர், குரூப், வெளியார்; ஒவ்வொன்றிலும் படிக்க 4, எழுத 2, இயக்க (ஃபோல்டரானால் உள்ளே நுழைய) 1, கூட்டினால் 7. பின்னால் உள்ள 770 உரிமையாளருக்கும் குரூப்புக்கும் முழு அனுமதி தந்து வெளியாரை நிறுத்திவிடும். முன்னால் நிற்கும் 2 தான் செட்ஜிஐடி. அது இல்லாவிட்டால் ஒருவர் உருவாக்கும் ஃபைல் அவருடைய சொந்தக் குரூப்பில் போய் விழும். ஃபோல்டர் பொதுவாக இருந்தும் ஃபைல் பொதுவாகாது. 2 இருந்தால் உள்ளே புதிதாகப் பிறக்கும் எல்லாம் ஃபோல்டரின் குரூப்பையே எடுத்துக்கொள்ளும். ஏற்கெனவே உள்ளே இருப்பவற்றுக்கு இது இறங்காது, தனியே போட வேண்டும். அப்போது ஃபோல்டர்களுக்கு மட்டும் போடுங்கள். மொத்தமாக ஓட்டினால் சாதாரண அட்டவணை ஃபைல்கூட இயங்கும் ஃபைலாக மாறிவிடும்.

ஜூன் 3, செவ்வாய்

“திறக்க முடிகிறது, திருத்த முடியவில்லை.” பொது ஃபோல்டர் தொடங்கிய மறுநாள் வரும் புகார் பெரும்பாலும் இதுதான். குரூப் சரியாக இருக்கிறது, ஃபைலின் எண் 644. காரணம் யூமாஸ்க் 022, அதாவது புது ஃபைலின் அனுமதியில் எதைக் கழிப்பது என்று சொல்லும் எண்: அது குரூப்பின் எழுதும் உரிமையைக் கழித்துவிடுகிறது. 007 என்று மாற்றினால் ஃபைல் 660 ஆகப் பிறக்கும். ஆனால் ஒவ்வொருவரின் ஷெல் (கட்டளை தட்டும் திரை) அமைப்பிலும் எழுதிவைத்தால், அந்த அமைப்பைத் தொடாமல் குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலைக்கு அது போய்ச் சேராது.

அதனால் ஃபோல்டருக்கே டீஃபால்ட் ஏசிஎல். ஏசிஎல் என்பது ஆள், குரூப் பெயர் சொல்லி அனுமதி தரும் பட்டியல்; டீஃபால்ட் என்றால் உள்ளே புதிதாகப் பிறப்பதற்கும் அது தானாக ஒட்டும். அது இருக்கும் இடத்தில் யூமாஸ்க் கணக்கிலேயே வராது. ஏசிஎல்லை எழுதும் செட்எஃப்ஏசிஎல் கட்டளையை இரண்டு முறை ஓட்ட வேண்டும்: டீஃபால்ட்டாக ஒரு முறை, இனி வரப்போவதற்கு, சாதாரணமாக ஒரு முறை, இப்போது இருப்பதற்கு. பலர் முதலாவதோடு நிறுத்திவிடுவதால் பழைய ஃபைல் பூட்டியபடியே கிடக்கிறது. உரிமை எழுத்துகளில், இயக்கும் உரிமையைக் குறிக்கும் எக்ஸை பெரிய எழுத்தாகக் கொடுங்கள். அப்போது ஃபோல்டருக்கும் ஏற்கெனவே இயங்கும் ஃபைலுக்கும் மட்டுமே அந்த உரிமை போகும்.

இன்னொன்று. குரூப் பட்டியல் லாகின் செய்யும் நேரத்தில் ஒட்டிக்கொள்வது. சேர்த்த பிறகு வெளியே போய்த் திரும்பி வந்தால்தான் கதவு திறக்கும். எடுக்கும்போதும் இதே கணக்குதான்: குரூப்பிலிருந்து நீக்கியவரின் பழைய செஷன் ஓடிக்கொண்டிருந்தால் அவர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்.

ஜூன் 5, வியாழன்

எல்லாம் சரியாக இருந்தும் சில ஃபைல்களில் மட்டும் குரூப் தவறு. அவை எப்படி வந்தன என்று பார்த்தால் தெரிந்துவிடும். ஒரே டிஸ்க்குக்குள் ‘எம்வி’ (இடம் மாற்றும் கட்டளை) செய்தால் பெயர்தான் மாறுகிறது. பழைய குரூப்பும் பழைய அனுமதியும் கூடவே வரும். ‘சிபி’ (நகல் எடுக்கும் கட்டளை) புது ஃபைலை உருவாக்குவதால் ஃபோல்டரின் குரூப்பை ஏற்கும். கணினிகளுக்கு இடையே நகலெடுக்கும் ஆர்சிங்க்கை ‘ஏ’ விருப்பத்தோடு ஓட்டினால் மூலக் கணினியின் அனுமதியை அப்படியே சுமந்து வரும். அனுமதியையும் குரூப்பையும் விட்டுவிடச் சொல்லும் விருப்பங்களைக் கூடவே சேருங்கள்.

ஜூன் 10, செவ்வாய்

முடிவு ஃபோல்டரில் ஒருவர் நல்லெண்ணத்தோடு 700 போட்டதில் ஏசிஎல் கொடுத்த எல்லோரும் வெளியே. ஏசிஎல்லைப் படித்துக் காட்டும் கெட்எஃப்ஏசிஎல் கட்டளை சொல்வது இது: களம் குரூப்புக்கு முழு உரிமை என்றே வரி இருக்கிறது, அதே வரியின் ஓரத்தில் ‘எஃபெக்டிவ்’ என்று போட்டு மூன்று கோடுகள். உரிமை எழுத்தில் உண்டு, நடப்பில் இல்லை.

ஏசிஎல் இருக்கும் இடத்தில், அனுமதி எண்ணைப் போடும் கட்டளையான சிஎச்மோடின் நடு எண் குரூப்பைத் தொடாது, மாஸ்க்கைத்தான் மாற்றும். மாஸ்க் என்பது பெயர் சொல்லிக் கொடுத்த அனுமதிகளுக்கும் குரூப்புக்கும் மேல் உள்ள உச்சவரம்பு. ஏசிஎல் அறியாத பழைய நிரல் ஒன்று ‘பூட்டு’ என்றால் உண்மையிலேயே பூட்ட வேண்டும் என்பதற்காக அப்படி வகுத்தார்கள். அப்படி வகுத்தது யூனிக்ஸ் வகைக் கணினிகளுக்கான போசிக்ஸ் தரநிலையின் 1003.1இ வரைவு, அது பிறகு கைவிடப்பட்டது. லினக்ஸில் ஓடுவது அதன் வழியே வந்ததுதான். மாஸ்க்கை மட்டும் திரும்ப முழுதாக்கினால் எல்லோரும் உள்ளே வந்துவிடுவார்கள், ஒவ்வொருவருக்கும் மறுபடி அனுமதி எழுத வேண்டாம். ஃபைல் பட்டியலில் அனுமதியின் கடைசியில் கூட்டல் குறி தெரிந்தால் அங்கே மாஸ்க்கை நினைக்காமல் சிஎச்மோடைத் தொடாதீர்கள்.

ஜூன் 16, திங்கள்

மூலம் பூட்டும் நாள். ஃபைலுக்கு 440 போட்டுவிட்டால் பத்திரம் என்று நினைப்பது ஆபத்து. அழிக்கும் உரிமை ஃபைலில் இல்லை, அது இருக்கும் ஃபோல்டரில் இருக்கிறது. ஃபோல்டரில் எழுத முடிந்தவர் 440 ஃபைலையும் அழிக்கலாம். ஆகவே ஃபோல்டருக்கு 2550. உரிமையாளர் எப்போதும் அனுமதியை மாற்ற முடியும் என்பதால் உரிமை மாணவர் யாருக்கும் வேண்டாம், திட்டத்தின் பொதுக் கணக்குக்கே.

புதிதாக வருவது ‘வரவு’ என்ற ஃபோல்டரில் இறங்கும். அதன் எண் 3770: செட்ஜிஐடியோடு ஸ்டிக்கி பிட். ஒருவர் போட்டதை இன்னொருவர் அழிக்க முடியாது. ஷா-256 (ஃபைலின் உள்ளடக்கத்துக்குக் கைரேகை போன்ற எண்) கணக்கிட்டுப் பட்டியலில் ஏற்றிய பிறகே வரவிலிருந்து மூலத்துக்கு நகல். நகலிலும் அதே கணக்கு வந்தால்தான் வரவில் உள்ளதை அழிக்கலாம்.

ஜூன் 27, வெள்ளி

திங்களன்று ஒருவரின் ஒப்பந்தம் முடிகிறது. செய்யும் வரிசை: குரூப்பிலிருந்து நீக்கு, ஓடும் செஷனை நிறுத்து, கிரான் வேலைகளைப் பார், வெளியிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சாவியை எடு, அவர் பெயரில் உள்ள ஃபைல்களைத் தேடித் திட்டக் கணக்குக்கு மாற்று. கணக்கை அழிப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில். முதலிலேயே அழித்தால் ஃபைல்களில் வெறும் எண் மட்டும் நிற்கும். அது கடைசியாகத் திறந்த கணக்காக இருந்தால், அடுத்து சேர்பவருக்கு, கணக்குத் திறக்கும் கட்டளையான யூசர்ஆட் அதே எண்ணைக் கொடுத்துவிடும். முன்பின் தெரியாத ஒருவர் ஒரே நாளில் ஒலிப்பதிவுகளுக்கு உரிமையாளர் ஆகிவிடுவார்.

ஏசிஎல் முழுவதையும் இன்று ஃபைலாக எடுத்து வைத்தாயிற்று. செட்எஃப்ஏசிஎல்லின் ‘ரீஸ்டோர்’ விருப்பத்துக்கு அதையே கொடுத்தால் பழைய அனுமதி திரும்பிவிடும். எடுத்த அதே இடத்தில் நின்று ஓட்ட வேண்டும், பாதைகள் அங்கிருந்தே எண்ணப்படுகின்றன.