சுருதி சரி, காலப்பிரமாணம் தப்பு

மேசை டிராயரில் ஒரு ராஸ்பெர்ரி பை 3பி, உள்ளங்கை அளவு குட்டிக் கம்ப்யூட்டர், ரொம்ப நாளாகச் சும்மா கிடந்தது. 2016-ல் வந்த மாடல், 1 ஜிபி ராம், யாராவது கேட்டால் கொடுத்துவிடலாம் என்றுதான் வைத்திருந்தேன். பொங்கலுக்கு அண்ணன் வருகிறான் என்றதும் அதில் பழைய வீடியோ கேம்களை ஓட்டும் ரெட்ரோபை என்ற சாஃப்ட்வேரை ஏற்றி, ஹால் டிவியில் மாட்டி, சின்ன வயதில் ஆடிய காண்ட்ரா என்ற சுடும் கேமை ஓடவிட்டு அவனை அசத்த வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. ஒரு மணி நேர வேலை என்று உட்கார்ந்தேன். நாலு நாள் இழுத்துவிட்டது.

ஏற்றுவதில் ஒன்றுமே இல்லை. ரெட்ரோபை 4.8 இமேஜை இறக்கி, ராஸ்பெர்ரி பை இமேஜரால் 32 ஜிபி எஸ்டி கார்டில் எழுதி, செருகி ஆன் செய்தால் எமுலேஷன்ஸ்டேஷன் என்ற அதன் மெனு திறந்து, ஏதாவது ஒரு பட்டனை அழுத்திப் பிடி என்று ஜாய்ஸ்டிக்கை அடையாளம் கேட்கும். அவ்வளவுதான். (இந்த இமேஜ் 2022-ல் வந்தது, பை 5 அதற்கு அடுத்த வருஷம். அதனால் பை 5 வைத்திருப்பவர்கள் இதே வேலையைச் செய்யும் பட்டோசெராவோ ரீகால்பாக்ஸோ போட்டுக்கொள்ளுங்கள், தலைவலி இல்லை.)

முதல் நாள் தொல்லை கொடுத்தது சார்ஜர். போன் சார்ஜர் போதும் என்று செருகினேன், திரை மூலையில் மஞ்சள் மின்னல் குறி ஒன்று வந்து வந்து போனது. பைக்குப் போகும் 5 வோல்ட், 4.63-க்குக் கீழே இறங்கினால் அது எட்டிப் பார்க்கும், கூடவே பிராசசரும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சார்ஜர்மேல் தப்பு இல்லை, நான் போட்ட ஒல்லி கேபிள்தான் வழியிலேயே வோல்ட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. 2.5 ஆம்ப் அடாப்டர், கேபிளோடு சேர்ந்தே வருகிறதே அது, வாங்கிப் போட்டதும் மின்னல் ஓடிவிட்டது.

கேம் ஃபைல் எங்கே கிடைக்கும் என்று மட்டும் கேட்காதீர்கள். சொல்லப்போனால் அந்தக் காலத்தில் நம்மிடம் இருந்த கேசட்டே திருட்டுக் கேசட்தான். '9999 இன் 1' என்று ஒட்டியிருக்கும், உள்ளே போனால் பத்துப் பன்னிரண்டு கேமையே பேர் மாற்றி மாற்றிப் போட்டிருப்பான். நேர்வழியில் வேண்டுமென்றால் மைக்ரோ மேஜஸ் என்று ஒன்று, 2019-ல் புதிதாக எழுதி விற்கிறார்கள், மொத்தமே 40 கேபி. வாட்ஸப்பில் வரும் குட் மார்னிங் படம் அதைவிடப் பெரிசு.

சரி, காண்ட்ரா ஓடியது. ஜோராகத்தான் ஓடியது. ஒரு நிமிஷம் வீடியோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் வாய்ஸ் மெசேஜ்.

"டேய், இது நம்ம காண்ட்ரா இல்லடா. சுருதி சரியா இருக்கு, காலப்பிரமாணம் தப்பு. ஓட்டமா ஓடுது."

அவன் ஆறு வருஷம் மிருதங்கம் படித்தவன், இந்த விஷயத்தில் வாதம் செய்ய முடியாது. எனக்கும் ஏதோ இடித்துக்கொண்டுதான் இருந்தது, ஆனால் வயசாகி கை மெதுவாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். தேடிப் படித்த பிறகுதான் புரிந்தது.

1983-ல் ஜப்பானில் நின்டெண்டோ விட்ட ஃபேமிகாம், அங்கத்திய டிவிக்கு ஏற்ப நொடிக்கு 60 ஃப்ரேம், அதாவது 60 படம், போடும் கேம் பெட்டி. கேமில் எல்லாக் கணக்கும் ஃப்ரேமை வைத்துத்தான், குதிப்பது, சுடுவது, பாட்டின் நடை உட்பட. நம் ஊர் டிவியோ பிஏஎல் என்ற வேறு முறை, நொடிக்கு 50. நம்மிடம் வந்தவை ஃபேமிகாமே இல்லை, அதன் நகல்கள். ஆன்டெனா குழியில் ஒயரைச் செருகி, படம் தெளியும் வரை டியூனிங்கைத் திருகிக்கொண்டிருப்போமே, அந்தப் பெட்டிகள். அவற்றை பிஏஎல் டிவிக்காக 50-க்கு மாற்றிச் செய்திருந்தார்கள். ஆக, 60-க்கு எழுதிய கேம் 50-ல் ஓடியது. ஜப்பான் பையன் 6 நிமிஷத்தில் முடிக்கும் இடத்தை நாம் 7 நிமிஷம் 12 நொடி ஆடியிருக்கிறோம். நாம் கெட்டிக்காரர்களாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்!

பழைய பெட்டியைப் போல நடிக்கும் சாஃப்ட்வேர்தான் எமுலேட்டர், அதில் ஃபேமிகாமுக்கான எஃப்சிஇயுஎம்எம் என்ற கோரின் ஆப்ஷனுக்குள் போனால் ரீஜன் என்று ஒன்று இருக்கிறது. பிஏஎல் என்று மாற்றினேன். வேகம் குறைந்தது, ஆனால் பாட்டே அழுத மாதிரி ஆகிவிட்டது. அனுப்பினேன். "இப்ப சுருதியும் போச்சு" என்று பதில். அதுவும் நியாயம்தான். சுருதியை முடிவு செய்வது ஃப்ரேம் இல்லை, பிராசசர் கடிகாரத்தின் வேகம். ஜப்பான் பெட்டியில் அது 1.79 மெகாஹெர்ட்ஸ், நின்டெண்டோ ஐரோப்பாவுக்காகச் செய்த பெட்டியில் 1.66. அரைக்கட்டைக்கு மேலேயே இறங்கிவிடும்.

அதே ஆப்ஷனில் கடைசியாக 'டெண்டி' என்று ஒரு பேர். 1992 கடைசியில் ரஷ்யாவில் விற்க ஆரம்பித்த நகல் பெட்டி அது, யானைப் படம் போட்டது. நகல் செய்தவர்கள் படத்தை 50-க்கு மாற்றினாலும் கடிகாரத்தை 1.77-ல் வைத்தார்கள், அசலுக்கு மிக அருகில். அதனால்தான் சுருதி அப்படியே நின்று நடை மட்டும் தளர்ந்தது. டெண்டியைத் தேர்ந்தெடுத்ததும் முதல் நாலு நொடியிலேயே எனக்குப் பழைய வீட்டுத் திண்ணை வாசனை அடித்தது, பொய் சொல்லவில்லை.

இன்னும் ஒரு இடறல் இருந்தது. டிவி 60-ல் இருக்க கேம் 50-ல் வந்தால் திரை நகரும்போது விக்கி விக்கிப் போகும். கேம் திறக்கிற சமயத்தில் ஒரு பட்டனைத் தட்டினால் ரன்கமாண்ட் மெனு வரும், அதில் இந்த கேமுக்கு மட்டும் 720பி 50 ஹெர்ட்ஸ் என்று வைத்தேன். வெண்ணெய்போல நகர்ந்தது. அப்புறம் அதே கோரில் 'டியூட்டி சைக்கிளை மாற்று' என்று ஒரு ஆப்ஷன். சில நகல் சிப்புகளில் ஒலி அலையின் அகல அமைப்பு தடம் மாறியிருந்ததாம், கிளாரினெட் போலக் கேட்க வேண்டிய இடத்தில் நாதஸ்வரம் போலக் கேட்கும். அந்தப் பிழைக்கும் யாரோ உட்கார்ந்து கோட் எழுதி வைத்திருக்கிறார்கள். போட்டுப் பார்த்தேன். எங்கள் பெட்டி நாதஸ்வரக் கட்சிதான்.

அம்மாவை மறந்துவிட்டேனே. அம்மாவைப் பொறுத்தவரை டிவி பக்கம் எரியும் எந்த விளக்கும் சுவர் ஸ்விட்சைத் தட்டி அணைக்க வேண்டியது. பை எழுதிக்கொண்டிருக்கும்போது அப்படி அணைத்தால் எஸ்டி கார்டில் ஃபைல்கள் கெட்டுப்போகும். இரண்டாம் நாளே எனக்கு ஒரு கார்டு போனது, மறுபடி முதலிலிருந்து. எல்லாம் அமைத்து முடித்த பிறகு பையின் செட்டிங்ஸ் மெனுவான ராஸ்பி-கான்ஃபிக்கில் ஓவர்லே ஃபைல் சிஸ்டத்தை ஆன் செய்துவிட்டேன். அதற்கு மேல் கார்டில் எதுவும் எழுதப்படாது, எழுதுவதெல்லாம் ராமோடு போய்விடும். சேவ் தங்காது. அப்போது மட்டும் தங்கியதா என்ன.

பொங்கலன்று அண்ணன் வந்து, தோள்பையைக்கூட இறக்காமல் பாட்டைக் கேட்டான். விரலால் தொடையில் ஒரு ஆவர்த்தனம் தட்டிப் பார்த்தான். "ம்" என்றான். உட்கார்ந்தோம். முதல் இரண்டு ஸ்டேஜ் தாண்டி மூன்றாவது, அருவி. அதில் ஒருவன் மேலே ஏறினால் திரையும் ஏறும், கீழே நிற்பவன் காலி.

"அண்ணா, ஏறாத. நில்லு, நில்லு."

"நீ வாடா சீக்கிரம்."

"பாறை வருது, நில்லுண்ணா!"

ஏறிவிட்டான். நான் செத்தேன். மறுபடி வந்தேன், மறுபடி ஏறினான். குரல் உயர்ந்துவிட்டது, இரண்டு பேருக்கும் நாற்பதைத் தாண்டியாகிவிட்டது என்பதெல்லாம் அந்த நேரத்தில் யார் நினைக்கிறார்கள். அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தாள், ஒன்றும் பேசவில்லை, சுவர் ஸ்விட்சைத் தட்டிவிட்டு, "இலை போட்டாச்சு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சாப்பிட்டுவிட்டு வந்து ஆன் செய்தோம். ஓடியது.