புது லேப்டாப்பில் ஒட்டிக்கொண்ட ரூட் சான்றிதழை எடுக்கும் வரிசை

புது லேப்டாப்பைப் பிரித்ததும் பேங்க் பாஸ்வேர்டை அடிக்க வேண்டாம். முதலில் ரூட் சான்றிதழ்ப் பட்டியலைப் பாருங்கள். எந்த இணையதளம் உண்மையானது என்று பிரவுசர் முடிவு செய்வது அதை வைத்துத்தான்.

2014 இறுதியில் விற்ற சில லெனோவோ மாடல்களில் சூப்பர்ஃபிஷ் நிறுவனத்தின் விளம்பர மென்பொருள் வந்தது. விளம்பரம் காட்டுவதற்காக அது பூட்டுக் குறி போட்ட இணைப்புகளையும் பிரித்துப் படித்தது. அதற்கென்று தன் ரூட் சான்றிதழையும் நுழைத்திருந்தது. விளம்பரத்தைக்கூட மன்னித்துவிடலாம், எல்லா லேப்டாப்பிலும் ஒரே ரகசியச் சாவியை, அதாவது அந்தச் சான்றிதழின் பெயரில் மற்ற சான்றிதழ்களுக்குக் கையெழுத்திடும் சாவியை, வைத்ததை மன்னிக்க முடியாது. 2015 பிப்ரவரியில் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் ராபர்ட் கிரஹாம் அந்தச் சாவியைப் பிரித்தெடுத்தார். அதன் பாஸ்வேர்ட் 'கொமோடியா', அதாவது இடைமறிக்கும் பகுதியைத் தயாரித்த நிறுவனத்தின் பெயரே. சாவி கையிலிருந்தால் போதும், அதே வைஃபையில் இருக்கும் யாரும் உங்கள் பேங்காக வேஷம் போடலாம்.

விண்டோஸ் பட்டனுடன் ஆர் அழுத்தி 'செர்ட்எல்எம் டாட் எம்எஸ்சி' (certlm.msc) என்று அடித்தால் பட்டியல் திறக்கும். அதில் 'டிரஸ்டட் ரூட்' பகுதிக்குள் போங்கள். பெயரை மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. முறையான சான்றிதழ்களிலேயே கேள்விப்படாத பெயர்கள் நிறைய இருக்கும். மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள சிக்செக் கருவியை கமாண்ட் பிராம்ப்ட்டில் 'மைனஸ் டி வி' சேர்த்து (sigcheck -tv) ஓட்டினால், மைக்ரோசாஃப்ட் பட்டியலில் இல்லாதவற்றை மட்டும் காட்டும்.

சந்தேகப்படும் சான்றிதழை இரட்டைக் கிளிக் செய்து, விண்டோவின் அடியில் பாருங்கள். இதற்குரிய ரகசியச் சாவி உங்களிடம் உள்ளது என்ற வரியும் சின்னச் சாவிப் படமும் இருந்தால் அது ஆபத்து. முறையான சான்றிதழ் நிறுவனத்தின் சாவிக்கு உங்கள் மெஷினில் வேலையே இல்லை. 2015 நவம்பரில் சிக்கிய டெல்லின் 'ஈடெல்ரூட்' சான்றிதழில் அந்த வரி இருந்தது. அது இல்லை என்பதற்காக நிம்மதி அடையவும் கூடாது. சூப்பர்ஃபிஷ் தன் சாவியை மென்பொருளுக்குள்ளேயே வைத்திருந்தது.

நீக்கும்போது பலர் தவறுவது வரிசையில்தான். சூப்பர்ஃபிஷ் மென்பொருளை அன்இன்ஸ்டால் செய்தாலும் சான்றிதழ் அப்படியே தங்கிவிடும். ஈடெல்ரூட் இதற்கு நேர் எதிர்: சான்றிதழை அழித்தால், கூட இருந்த ஒரு டிஎல்எல் ஃபைல் (மென்பொருளின் துணை ஃபைல்) மறுபடி கொண்டுவந்து போட்டுவிடும். அதனால் முதலில் பின்னணியில் ஓடும் அந்த மென்பொருளின் சர்வீஸை நிறுத்தி அதன் ஃபைலை அழியுங்கள், அடுத்து சான்றிதழை எடுங்கள், பிறகு ரீஸ்டார்ட் செய்து மறுபடி பாருங்கள். அந்தக் கடைசிப் பார்வையை விட்டுவிட்டால் செய்த வேலை வீண். ஃபயர்ஃபாக்ஸுக்குத் தனிப் பட்டியல் உண்டு, அதையும் திறந்து பார்க்க வேண்டும். அழிப்பதற்கு முன் சான்றிதழ் விவரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து பில்லோடு வையுங்கள். பிறகு புகார் கொடுக்கும்போது கையில் இருப்பது அது ஒன்றுதான்.

ஆன்டிவைரஸும் இணைப்பைச் சோதிக்கத் தன் சான்றிதழைப் போடும். அதை இங்கே அழித்தால் இணையதளங்கள் திறக்காமல் எரர் வரலாம். ஆன்டிவைரஸ் செட்டிங்கிலேயே அந்த வசதியை அணைப்பதுதான் சரி.

ரீசெட் கொடுத்தால் எல்லாம் போய்விடும் என்று நம்பாதீர்கள், கம்பெனி போட்டவை திரும்ப வந்துவிடலாம். 8 ஜிபி பென் டிரைவில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விண்டோஸை இறக்கிப் போடுவது மேல். அதுவும் போதாத நேரம் உண்டு. 2015-இல் தெரியவந்த லெனோவோ சர்வீஸ் இன்ஜின் என்ற மென்பொருள் பயாஸிலேயே (விண்டோஸுக்கு முன்பே ஓடும், மதர்போர்டு சிப்பில் உள்ள மென்பொருள்) இருந்ததால், புதிதாகப் போட்ட விண்டோஸிலும் வந்து உட்கார்ந்தது. சிஸ்டம்32 ஃபோல்டரில் 'டபிள்யூபிபின்' (wpbbin.exe) என்ற எக்ஸி ஃபைல் இருந்தால், பயாஸ் எதையோ உள்ளே அனுப்பியிருக்கிறது என்று பொருள். திருட்டுத் தடுப்பு மென்பொருளும் இந்த வழியில் வரும் என்பதால், அதில் யார் கையெழுத்து இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பயாஸ் அப்டேட்டுக்குப் போங்கள்.

பொய் அலாரமும் அடிக்கும். 2011-இல் சாம்சங் லேப்டாப்பில் கீலாகர் (அடிக்கும் எழுத்துகளை ரகசியமாகப் பதிவு செய்யும் மென்பொருள்) இருக்கிறது என்று செய்தி பரவியது. விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருந்த 'எஸ்எல்' என்ற ஸ்லோவேனிய மொழி ஃபோல்டரை ஓர் ஆன்டிவைரஸ் தவறாகப் பிடித்ததுதான் காரணம். ஃபோல்டர் பெயரை நம்பாமல் உள்ளே ஃபைல் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். நிஜமாகவே கெட்டது சிக்கினால், அந்த மெஷினில் அடித்த பாஸ்வேர்ட் அத்தனையையும் வேறொரு மெஷினிலிருந்து, பேங்கில் தொடங்கி, அன்றே மாற்றுங்கள்.